ஜார்ஜ், மார்த்தா, அப்புறம் அந்தப் பையன்

எட்வர்ட் ஆல்பீ எழுதிய 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்?' நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "அதான் அந்த எலிசபெத் டெய்லர் படம்." இன்னொன்று, "குடிச்சிட்டு விடிய விடிய சண்டை போடுவாங்களே, அதுதானே? அதெல்லாம் அந்த ஊர்க் குடும்பம், நமக்கு ஒட்டாது." முதல் பதிலில் தப்பில்லை. இரண்டாவதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. நான் படித்ததில், ஒரு கல்யாணத்துக்குள் இவ்வளவு தூரம் போய்ப் பார்த்த நாடகம் வேறு இல்லை, அது மதுரையில் வாழ்கிறவர்களுக்கு ஒட்டாது என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், அதைச் சொல்லாமல் இந்த நாடகத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது.

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. ஜார்ஜ் அங்கே வரலாற்றுத் துறையில் இணைப் பேராசிரியர். மார்த்தா அந்தக் கல்லூரித் தலைவரின் மகள், புருஷனைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகி 23 வருஷம். முதலில் துறை, அப்புறம் அப்பாவுக்குப் பிறகு கல்லூரியே இவன் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு அவள் கட்டிக்கொண்ட ஆள், போர்க்காலத்தில் மற்றவர்கள் ஊரில் இல்லாதபோது நாலு வருஷம் துறையைப் பார்த்துக்கொண்டதோடு சரி. மதுரையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தாளாளர் வீட்டு மாப்பிள்ளை வகுப்பெடுக்கிற கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், ஜார்ஜ் ஒவ்வொரு நாளும் எப்படி வேலைக்குப் போய் வந்திருப்பான் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி இரண்டு மணி. மாமனார் வீட்டு விருந்திலிருந்து இருவரும் வந்திருக்கிறார்கள், நல்ல போதை. ஜார்ஜ் படுக்கப் போகலாம் என்று பார்க்கிறான். அப்போதுதான் மார்த்தா சொல்கிறாள், ஆள் வருகிறார்கள் என்று. புதிதாகச் சேர்ந்த உயிரியல் ஆசிரியன் நிக், அவன் பெண்டாட்டி ஹனி. அவர்களை நல்லபடியாகக் கவனிக்கச் சொல்லி அப்பா சொன்னாராம். அவ்வளவுதான், நாலே பேர், ஒரே கூடம், மூன்று அங்கம், விடியும்வரை.

அந்த ராத்திரியில் நடப்பதை வரிசையாகச் சொன்னால் வெறும் ரகளையாகத்தான் தெரியும். ஒருநாள் அப்பா முன்னால் குத்துச்சண்டைக் கையுறை போட்டுக்கொண்டு ஜார்ஜை ஒரே குத்தில் செடிக்குள் விழவைத்ததை மார்த்தா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவன் துப்பாக்கியோடு பின்னால் வந்து அவள் தலைக்குக் குறிபார்த்து விசையை அழுத்துகிறான். குழாயிலிருந்து ஒரு குடை விரிகிறது. அப்புறம் அவள் நிக்கோடு ஒட்டி ஆடுகிறாள். ஒரு கட்டத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு மாடிக்கே போகப் போகிறாள், ஜார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். இத்தனைக்கும் அந்த வீட்டில் மன்னிப்பு இருக்கிறது. மன்னிப்பு இல்லாதது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

அது இது. கதவு மணி அடித்ததும், திறப்பதற்கு முன்னால், ஜார்ஜ் மார்த்தாவிடம் சொல்கிறான்: அந்தப் பிள்ளை விஷயத்தை மட்டும் எடுக்காதே. நான் எதை வேண்டுமானாலும் பேசுவேன் என்கிறாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து ஹனி கைகழுவும் அறையைக் கேட்கிறாள், மார்த்தா அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். மேடையில் இரண்டு ஆண்களும் ஏதேதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வருகிற ஹனி ரொம்ப சாதாரணமாக, உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாதே என்கிறாள். நாளைக்கு அவனுக்கு 21 வயது ஆகிறதாமே.

நாடகத்தின் மிகப் பெரிய குற்றம் நடந்து முடிந்துவிட்டது. ஆல்பீ அதை மேடையில் காட்டவே இல்லை. உள்ளே இரண்டு பெண்கள் என்ன பேசினார்கள், மார்த்தா எந்த முகத்தோடு அதைச் சொன்னாள், எதுவும் நமக்குத் தெரியாது. ஜார்ஜின் முகம் மாறுவதை மட்டும் பார்க்கிறோம். முதல் தடவை படிக்கும்போது ஏன் மாறுகிறது என்று புரியாது, ஏதோ பெற்ற பிள்ளையோடு மனஸ்தாபம் போல என்று நினைப்போம். மூன்றாம் அங்கத்தின் கடைசியில்தான் தெரிகிறது, அப்படி ஒரு மகனே இல்லை. குழந்தை இல்லாத இருவரும் சேர்ந்து உண்டாக்கி, இருபத்தோரு வருஷமாகத் தங்களுக்குள்ளேயே வளர்த்துக்கொண்டு வந்த பையன் அவன். அவர்களுக்கு இருந்த ஒரே சட்டம், அவனைப் பற்றி வெளியாட்களிடம் சொல்லக் கூடாது.

ஆகவே இது குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களின் கதை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை ஒருவர் மூன்றாவது ஆள் காதில் போட்டுவிட்ட கதை. நம் வீடுகளில் புருஷன் குடிப்பதையும் மாமியார் பேசுவதையும் கடன் கழுத்தை நெரிப்பதையும் தாங்கிக்கொண்ட பெண்கள், "அதைப் போய் உங்க அக்காகிட்ட ஏன் சொன்னீங்க" என்ற ஒரு இடத்தில் உடைந்து பிறந்த வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்களும் அப்படித்தான்.

ஆல்பீ இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்பதற்கு இரண்டாம் அங்கத்தைப் பாருங்கள். நிக், ஆம்பளைக்கு ஆம்பளை என்கிற தைரியத்தில், தன் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஜார்ஜிடம் சொல்லியிருக்கிறான். ஹனிக்கு வயிறு பெரிதானது, கல்யாணம் செய்துகொண்டார்கள், அப்புறம் வயிறு வற்றிவிட்டது, கர்ப்பமே இல்லை. ஜார்ஜ் இதை ஒரு கதைபோல, யாரோ இரண்டு பேருக்கு நடந்ததுபோல, எல்லார் முன்னாலும் சொல்ல ஆரம்பிக்கிறான். ஹனிக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக, உறைக்கிறது. அவள் ஜார்ஜைத் திட்டவில்லை. தன் புருஷனைப் பார்த்து, நீ இவர்களிடம் சொல்லிவிட்டாயா, சொல்லிவிட்டாயா என்றுதான் கதறுகிறாள். அதுவரை ஜார்ஜ் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தில் அவன்மீது இருந்த இரக்கம் போய்விடும். தனக்கு மார்த்தா எதைச் செய்தாளோ அதையே அவன் ஒரு சின்னப் பெண்ணுக்குச் செய்கிறான், அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே செய்கிறான்.

இந்த நாடகம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் குழந்தை இல்லை. இருவரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால் எழுதுகிறேன். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஒருமுறை அவர்களோடு மேலூருக்குப் பஸ்ஸில் போனேன். ஒத்தக்கடையில் ஏறிய ஒரு அம்மா, மடியில் கொய்யாப்பழக் கூடை, எங்கள் சீட்டில் இடம்பிடித்து உட்கார்ந்தார். யானைமலை பின்னால் போவதற்குள் எந்த ஊர், யார் வீடு, என்ன காரியமாகப் போகிறோம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "உனக்கு எத்தனை பிள்ளைகத்தா?" என்று சித்தியிடம் கேட்டார். சித்தி யோசிக்கவே இல்லை.

"ஒரு பையன்."

"என்ன படிக்கிறான்?"

"எட்டாவது."

நான் சித்தியை நிமிர்ந்து பார்த்தேன். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பா திரும்பினார். எனக்குப் பயமாகிவிட்டது, திட்டப்போகிறார் என்று. அவர் அந்த அம்மாவைப் பார்த்து, "கணக்குலதான் கொஞ்சம் மட்டம்" என்றார்.

"ஆம்பளப் பிள்ளைக அப்படித்தான், போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லி அந்த அம்மா கூடையிலிருந்து ரெண்டு பழத்தை எடுத்துச் சித்தி கையில் வைத்தார், "தம்பிக்குக் குடுத்தா." மேலூரில் இறங்கியதும் சித்தி ஒன்றை எனக்குக் கொடுத்தாள், ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போய் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவர்கள் எனக்குச் சொல்லவும் இல்லை.

கணக்கில் மட்டம் என்பது சித்தப்பாவுக்கு அந்த நொடியில் தோன்றியதாக எனக்குப் படவில்லை. அந்தப் பையனைப் பற்றி அவர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். எவ்வளவு காலமாக, என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று தெரியாது. சொந்தக்காரர்கள் யாரிடமும் அவர்கள் அப்படிப் பேசியதே இல்லை, பேசவும் முடியாது, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா" என்று கேட்டவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பஸ்ஸில் வந்த அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார், அவரிடம் சொன்னது அவர் பழக்கூடையோடு போய்விடும். ஹனி அப்படி இல்லை. அவள் அதே கல்லூரிக் குடியிருப்பில் இருக்கப்போகிறவள், புருஷனின் சக ஆசிரியர் வீட்டம்மா. அவளிடம் சொன்னது திங்கட்கிழமை காலை மாமனாரின் அறைவரை போகும். இன்னொன்று, சித்தி சொன்னபோது சித்தப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டார். மார்த்தா தனியாகச் சொல்கிறாள், அதுவும் சொல்லாதே என்று சொன்னதற்குப் பிறகு.

எங்கள் தெருவில் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், கட்டிய ஒரு அக்கா இருக்கிறார். வயதாகிவிட்டது, இப்போது மேடையேறுவதில்லை. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்து விடியும்வரை போகும், கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த கதையும் பாட்டும் இருக்கும், நடுவில் இருவரும் வாதாடுகிற தர்க்கம் வந்துவிட்டால் அவரவர் சாமர்த்தியம். 1918-இல் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இதே மதுரையில்தான். அவர் எழுதிய 'பவளக்கொடி'யில் வருகிற அல்லி யார்? மதுரையை ஆண்ட ராணி, அர்ச்சுனன் பெண்டாட்டி. மகன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அர்ச்சுனன் தேடிப் போகிறான், போன இடத்தில் பவளக்கொடியையும் கட்டிக்கொள்கிறான். அப்புறம் அல்லி அவனை விடுவாளா? புருஷன் பெண்டாட்டி வாயால் வெட்டிக்கொள்வதை ஊரே பாய் போட்டு உட்கார்ந்து பொழுது விடியும்வரை பார்த்த மண் இது, அந்தச் சண்டைக்கு நடுவிலும் ஒரு மகன் இருக்கிறான். நமக்கு ஒட்டாதாம்!

அக்கா கதையைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "வந்தவங்க உக்காந்து பாக்குறாங்கல்ல, அதான் அந்தம்மா அம்புட்டுப் பேச்சுப் பேசுது. ஆளில்லாம தர்க்கம் ஏது?" மார்த்தா ஏன் அந்த நேரத்தில் விருந்தாளிகளைக் கூப்பிட்டாள் என்று எத்தனையோ யோசித்திருந்தேன், இவ்வளவு நேராக எனக்குத் தோன்றியதில்லை. அப்புறம் அவர் சொன்னார், எதிரே நிற்கிற ராஜபார்ட் மேடையில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எவ்வளவு கீழே இறங்கியும் கேட்கலாம், பதில் வைத்திருப்பேன், "என் சொந்த வீட்டு விஷயத்தை இழுத்தான்னு வையி, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுச்சு."

மூன்றாம் அங்கத்தில் ஜார்ஜ் செய்வது அதுதான், ஆட்டத்தை முடிக்கிறான். கை நிறையப் பூவோடு வருகிறான். மார்த்தாவை அந்தப் பையனைப் பற்றிப் பேசவைக்கிறான், அவள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே போகிறாள், அவன் பக்கத்தில் நின்று செத்தவர்களுக்கான லத்தீன் பிரார்த்தனையை முணுமுணுக்கிறான். பிறகு தந்தி வந்திருக்கிறது என்கிறான். நம் மகன் இறந்துவிட்டான், கிராமத்து ரோட்டில் முள்ளம்பன்றி குறுக்கே வந்தது, காரைத் திருப்பினான், மரத்தில் மோதிவிட்டான். மார்த்தா தந்தியைக் காட்டு என்கிறாள். தின்றுவிட்டேன் என்கிறான். ஹனியும் ஆமாம், தின்றுவிட்டார், நான் பார்த்தேன் என்கிறாள். படிக்கிறபோது பைத்தியக்காரத்தனமாக இருக்கிற இந்த வரியில்தான் ஹனி அந்தக் கல்யாணத்துக்குள் நுழைகிறாள் என்று நான் நினைக்கிறேன், சித்தப்பா முன் சீட்டிலிருந்து திரும்பியதைப் போல.

அப்புறம் நிக்குக்குப் புரிகிறது. உங்களுக்குக் குழந்தை பெற முடியவில்லையா என்று கேட்கிறான். எங்களால் முடியவில்லை என்கிறான் ஜார்ஜ். எங்களால் முடியவில்லை என்கிறாள் மார்த்தா. இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். கே.கே. நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சில பேர் கூடி இந்த நாடகத்தை வாசித்தபோது, மார்த்தாவின் பாத்திரத்தை வாசித்த தோழி அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் அடுத்த வரியைத் தொடச் சொல்லவில்லை.

1962 அக்டோபரில் நியூயார்க்கில் இது மேடையேறியது, மார்த்தாவாக நடித்தவர் ஊட்டா ஹாகன், ஜார்ஜாக ஆர்தர் ஹில். அடுத்த வருஷம் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. புலிட்சர் பரிசுக்கும் நாடக நடுவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், மேலே இருந்த குழு மறுத்துவிட்டது, 1963-இல் நாடகத்துக்குப் பரிசே இல்லாமல் போனது. பேச்சு கொச்சையாக இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு மூன்றாம் அங்கம் காதில் விழவில்லை போலும். 1966-இல் மைக் நிக்கோல்ஸ் படமாக எடுத்தார், அவருக்கு அதுதான் முதல் படம். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் அப்போது நிஜத்திலேயே புருஷன் பெண்டாட்டி. ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம், நல்ல படம்தான், ஆனால் நடுவில் வீட்டைவிட்டு வெளியே ஒரு கடைக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கூடத்தைவிட்டு யாரும் போக முடியக் கூடாது. ஆல்பீயைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 1928-இல் பிறந்தவர், கைக்குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு, நாடகக் கொட்டகைகள் வைத்திருந்த பணக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். பிள்ளை இல்லாதவர்கள் மனதில் ஒரு பிள்ளை எப்படி உருவாகிறது என்று அவருக்கு இவ்வளவு தெரிந்திருப்பதைப் படிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

வாசித்து முடித்ததும் மாடியில் ஒரு சண்டை வந்தது. ஜார்ஜ் செய்தது நல்லதா கெட்டதா? பலபேர் அவன் அவளைக் காப்பாற்றினான் என்றார்கள். மூன்றாம் அங்கத்துக்கு ஆல்பீ வைத்த தலைப்பே பேயோட்டுதல் என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது, பொய்யை ஓட்டிவிட்டான், இனி இருவரும் நிஜத்தில் வாழ்வார்கள் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தந்தி அவனுக்கு எப்போது தோன்றுகிறது என்று பாருங்கள், இரண்டாம் அங்கத்தின் கடைசியில், மார்த்தா நிக்கோடு போன அந்த நிமிஷத்தில். கோபத்தில் பிறந்த யோசனை அது. மூன்றாம் அங்கத்தில் அதைக் கேட்டதும் மார்த்தா கத்துகிறாளே, இதை நீயாக முடிவெடுக்க முடியாது என்று, அவள் சொல்வது முழுக்க நியாயம். இரண்டு பேர் சேர்ந்து பெற்ற பிள்ளை. அவள் அதே அங்கத்தில் கொஞ்சம் முன்னால்தான், தன்னைச் சந்தோஷமாக வைத்திருந்த ஒரே ஆள் ஜார்ஜ் என்று நிக்கிடம் சொல்லியிருக்கிறாள், நான் விளையாட்டின் விதியை மாற்ற மாற்ற அவனும் அதே வேகத்தில் கற்றுக்கொள்கிறான் என்று. அப்படிப்பட்டவன் அவளைக் கேட்காமல் செய்திருக்கக் கூடாது.

அக்காவிடம் இதையும் சொன்னேன். அவர் ஜார்ஜ் பக்கம். "சட்டத்தை முதல்ல மீறுனது யாரு?" என்கிறார். மார்த்தாதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீறியதற்குத் தண்டனை பிள்ளையின் சாவு என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, நானும் விடுவதாக இல்லை. அடுத்த தடவை மாடியில் மூன்றாம் அங்கத்தை மட்டும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்கலாம் என்று பேசியிருக்கிறோம், மார்த்தாவாக அக்காவைத்தான் கேட்டிருக்கிறேன்.